"எண்பதுக்கு மேல் போகாதீங்க சார்!"

இந்த உபதேசத்தை டயர் கடைகளில் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. நெடுஞ்சாலையில் வண்டி உதறுகிறது என்று போய் நின்றால், ஒரு அலைன்மென்ட், இரண்டு பேலன்சிங் என்று பில் போடுவார்கள். உதறல் போகாது. கடைசியில், "வயசான காலத்துல எதுக்கு சார் நூறு? எண்பதுக்குள்ள ஓட்டுங்க, ஒண்ணும் தெரியாது" என்பார்கள். தெரியாமல் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றா?

பொன்மலை ரயில்வே பணிமனையில் சக்கரங்களோடு காலம் தள்ளியவன் நான். அங்கே சக்கரத்தில் ஒரு இடம் தட்டையாகிவிட்டால் 'தடக் தடக்'கென்று அதுவே கூப்பிட்டுச் சொல்லும். கார் சக்கரமும் சொல்லத்தான் செய்கிறது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

கணக்கைப் பாருங்கள். சின்னக் கார் டயரின் குறுக்களவு சுமார் 60 செ.மீ. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் அது வினாடிக்கு 13 தடவை சுற்றுகிறது. ரிம்மில் ஒரு பக்கம் 30 கிராம் எடை கூடினால் போதும், அந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட 4 கிலோ விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும், வினாடிக்கு 13 முறை! சஸ்பென்ஷனில் நிற்கும் சக்கரம் இயல்பாகக் குதிக்கும் கதியும் ஏறக்குறைய அதுதான். ஊஞ்சலை அதன் வீச்சுக்கு ஏற்றபடி தள்ளினால் எவ்வி எவ்விப் போகுமே, அந்த மாதிரி. அதனால்தான் 50-இல் சமர்த்தாக இருக்கும் வண்டி 80, 90-இல் ஆடுகிறது.

அலைன்மென்ட் வேறு சங்கதி. அது சரியில்லை என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரத்தில் தேயும். வெறுமனே உதறுவதற்கு அது காரணமாவது அபூர்வம். ஆனால் கடையில் முதலில் அந்த மேடையில்தான் ஏற்றுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். சென்னையில் மகள் வீடு. சமயபுரம் டோல்கேட் தாண்டி வேகம் எடுத்தால் உதறல். மூன்று தடவை பேலன்சிங் செய்தாயிற்று. "ஸ்டீயரிங் ஆடுதா சார், சீட்டு ஆடுதா?" என்று கேட்டேன். "ஸ்டீயரிங்ல ஒண்ணும் இல்ல. சீட்டுக்கு அடியிலதான் குறுகுறுன்னு இருக்கு" என்றார். அப்படியென்றால் சந்தேகம் முதலில் பின் சக்கரங்கள் மேல்தான். மூன்று தடவையும் கடையில் கழற்றியது முன் சக்கரங்களை மட்டும்! இந்த ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை.

ஜாக்கி போட்டுப் பின் சக்கரத்தைத் தூக்கினோம். டயரின் ஓடுபரப்பை ஒட்டினாற்போல் ஒரு செங்கல்லை வைத்துக் கையால் மெல்லச் சுற்றினேன். வலது பக்கம் இடைவெளி மாறவில்லை. இடது பக்கம் ஒரு இடத்தில் ரப்பர் செங்கல்லை உரசிக்கொண்டு போனது. உள்ளே கம்பி பெல்ட் பிரிந்து மேலே புடைத்திருக்கிறது. இதற்கு எத்தனை ஈயக்கட்டி ஒட்டினாலும் பயனில்லை. எடை சமமாகும், வட்டம் வட்டமாகாது. வேகமாகப் போகும்போது அந்தப் பட்டை உரிந்து வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டம்மாவையும் பேரனையும் வைத்துக்கொண்டு பெரம்பலூர் வழியாக எத்தனை தடவை போய் வந்திருக்கிறார்!

"பட்டன் நல்லா இருக்கே, 30,000 கூட ஓடலியே" என்றார். நம் வயசுக்காரர்களின் வண்டிக்கு இதுதான் ஆபத்து. கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம் தவிர வண்டி நிழலில்தான் நிற்கிறது. டயர் தேயாது, ஆனால் ரப்பர் கிழடாகிவிடும். பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளோடு ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். அவர் டயரில் 3114. அதாவது 2014-ஆம் வருஷம் 31-ஆவது வாரம் பிறந்தது. ஆறு வருஷத்தில் மாற்றிவிடு என்று பல கார் கம்பெனிகளே சொல்கின்றன. டயர் கம்பெனிகள் கூடப் பத்துக்கு மேல் தாண்ட விடுவதில்லை.

எல்லா உதறலும் டயரும் அல்ல. பிரேக் மிதித்தால் மட்டும் ஆடினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட். குழியில் இறங்கிய மறுநாளே தொடங்கியிருந்தால் ரிம் நெளிந்திருக்கும். முன்பின் சக்கரங்களை இடம் மாற்றிப் பார்த்தால் உதறலும் கூடவே இடம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும். செலவு உழைப்பு மட்டும்தான். இதையெல்லாம் கடைக்காரர் செய்யலாம். நாம் கேட்டால் செய்வார். "சார்" என்று கூப்பிட்டதில் மயங்கி, பில்லை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

தலைமையாசிரியர் நான்கு டயரும் புதிதாகப் போட்டுவிட்டார். பேலன்சிங்கின்போது பக்கத்திலேயே நின்று, நான்கு சக்கரத்துக்கும் பழைய ஈயத்தை எடுத்துவிட்டு மிஷினில் பூஜ்யம் வரும்வரை பார்த்திருக்கிறார். போன வாரம் சென்னை போய் வந்தாயிற்று, சீட்டு அசையவில்லையாம். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள் என்றேன். அதிலும் 3114.