பச்சை முத்திரையும் பெங்களூருவின் நுரையும்

பெங்களூருவின் இந்திராநகரிலும் கோரமங்கலாவிலும் ‘பசுமை’ என்பது இன்று தனியொரு சரக்கு வகையாகிவிட்டது. மூங்கில் டூத்பிரஷ், பூந்திக்கொட்டைச் சலவைத்தூள், தேங்காய்நார்த் தேய்ப்பான், இயற்கைப் பருத்திச் சட்டை என அடுக்கடுக்காகப் பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. ஒவ்வொன்றின் மீதும் ஓர் இலைப் படம். அருகில் ‘இயற்கைக்கு உகந்தது’, ‘அறம் சார்ந்தது’ என்ற சொற்கள். சாதாரணப் பொருளைப்போல் பல மடங்கு விலை கொடுப்பவர், பொருளோடு சேர்த்து மனநிம்மதியையும் வாங்கிச் செல்கிறார்.

சூழலைக் காக்க வேண்டும் என்ற அக்கறை உண்மையானது; அதை ஏளனம் செய்வதற்கில்லை. அந்த அக்கறை எங்கே திருப்பிவிடப்படுகிறது என்பதே கேள்வி. ஏரியை அழித்துக் கொள்ளை லாபம் கண்ட அதே அமைப்பு, ஏரி அழிந்த கவலையையும் சரக்காக்கி விற்கிறது. எதை வாங்குவது என்ற யோசனையிலேயே மக்கள் மூழ்கியிருக்கும் வரை, எதை, எப்படி, யாருடைய உழைப்பில் உற்பத்தி செய்வது என்று எவரும் கேட்கப்போவதில்லை. இதைப் புரிந்துகொள்ளப் பெங்களூருவை விடச் சிறந்த பாடம் வேறில்லை.

எரிந்த ஏரி

பெல்லந்தூர் ஏரி ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புடையது; நகரின் மிகப் பெரிய ஏரி. மாநகரக் கழிவுநீரில் பெரும்பங்கு பல்லாண்டுகளாக அதில்தான் வந்து விழுந்தது. சலவைத்தூள்களின் வேதிப்பொருள்கள் நுரையாகப் பொங்கிச் சாலைகளில் பறந்தன. 2015 மே மாதத்தில் ஏரியில் தீப்பற்றியது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் மீண்டும் எரிந்தது. 2018இல் தீயணைக்க ராணுவத்தினரே இறங்க வேண்டியிருந்தது. தீயை அணைக்க வேண்டிய நீர்நிலையே தீப்பிடித்து எரிந்த கொடுமையை உலகமே பார்த்தது.

கொடுமை நகர எல்லையோடு நிற்கவில்லை. பெல்லந்தூரிலிருந்து வெளியேறும் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகேயுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீர் குவியல் குவியலாக நுரைத்தோடும் காட்சி கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்குப் புதிதன்று. அந்த நீரைப் பாய்ச்சும் விவசாயி பெங்களூருவில் எந்தச் சலவைத்தூளையும் தேர்ந்தெடுக்கவில்லை. நுகர்வோரின் தேர்வுரிமை பற்றிப் பேசுவோரின் கணக்கில் அவர் இடம்பெறுவதே இல்லை.

ஒரு குடியிருப்பு முழுவதும் பூந்திக்கொட்டைக்கு மாறிவிட்டதாகவே கொள்வோம். அக்குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் வாய்க்காலில் விடப்பட்டால் ஏரி பிழைக்காது. பாதாளச் சாக்கடையையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் எந்தப் பசுமைக் கடையிலும் தனியொருவர் வாங்கிவிட முடியாது. அவை பொதுப்பணத்தில், பொது அதிகாரத்தால் கட்டப்பட வேண்டியவை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் விதித்து, ஏரிகளை மீட்பதற்கு 500 கோடியைத் தனியே ஒதுக்கி வைக்கவும் ஆணையிட்டது இக்கடமை தவறியதற்காகத்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜூன் 30 முதல் வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பரஸ் அளவுக்குச் சட்டப்படி உச்சவரம்பு விதித்தது. அங்கே கடைக்குச் செல்பவர் வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. அலமாரியில் உள்ள எல்லாப் பொருளும் அந்த வரம்புக்கு உட்பட்டவை. இந்தியாவிலோ இது நெடுங்காலம் உற்பத்தியாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டது. நச்சு குறைந்த தூள் வசதி படைத்தோருக்கான உயர்விலைச் சரக்காயிற்று. நச்சு மிகுந்தது ஏழையின் வீட்டுக்குப் போயிற்று. ஏரிக்கரையைச் சுற்றி 75 மீட்டரைக் கட்டடங்களற்ற பகுதியாக விட வேண்டும் எனப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 மே மாதத்தில் பிறப்பித்த ஆணையும் 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ரத்தாகிவிட்டது. ஏரிக்கரையில் எழும் அடுக்குமாடியிலும் ‘பசுமை வீடு’ என்ற பலகை தொங்கக்கூடும்.

பச்சைச் சீட்டு சொல்லாத கூலி

‘அறம் சார்ந்த’ ஆடையின் கதை இதைவிடக் கசப்பானது. கர்நாடகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆயத்த ஆடை ஆலைகளில் சுமார் நான்கு லட்சம் பேர் வேலை செய்கின்றனர். மிகப் பெரும்பாலோர் பெண்கள். உலகின் பெரும் நிறுவனங்களுக்கு இங்கே துணி தைக்கப்படுகிறது.

2020 ஏப்ரல் முதல் இவர்களுக்குச் சேர வேண்டிய பஞ்சப்படி உயர்வு மாதம் 417 ரூபாய் 60 காசு. நாளொன்றுக்குப் பதினாறு ரூபாய். ஆலை முதலாளிகள் இதைக்கூடத் தர மறுத்தனர். மாநில அரசும் அவர்களுக்கு உதவியாக உயர்வை நிறுத்திவைத்தது. 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்த பிறகும் பணம் வந்துசேரவில்லை. தொழிற்சங்கங்களும் சர்வதேசத் தொழிலாளர் உரிமை அமைப்புகளும் தொடர்ந்து நெருக்கிய பின், 2022 தொடக்கத்தில்தான் பெரிய ஆலைகள் நிலுவையைத் தர முன்வந்தன. அந்த இரண்டு ஆண்டுகளிலும் ‘நீடித்த வளர்ச்சி’, ‘பொறுப்பான உற்பத்தி’ என்ற சொற்கள் அந்நிறுவனங்களின் அறிக்கைகளில் ஒருநாளும் குறையவில்லை.

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட கோகல்தாஸ் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஓர் ஆலை இருந்தது. ஸ்வீடனின் எச் அண்ட் எம் நிறுவனத்துக்காக அங்கே ஆடை தைக்கப்பட்டது. 2020 ஜூன் 6 அன்று அங்கிருந்த ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டனர். தொற்றுக்காலத்தில் வேலைக்கான ஆணைகள் குறைந்ததே காரணம் என்றது நிர்வாகம். அந்நிறுவனத்தின் ஆலைகளில் சங்கம் வலுவாக இருந்தது தங்களுடையதில் மட்டுமே என்பதைத் தொழிலாளர்கள் சுட்டிக்காட்டினர். ஆலை வாயிலில் அமர்ந்து அவர்கள் போராடினர். 2021 பிப்ரவரியில் எல்லோரையும் பிற ஆலைகளில் மீண்டும் சேர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

‘கான்ஷியஸ்’ என்ற பச்சைச் சீட்டு ஒட்டிய ஆடைகளை அக்காலத்தில் எச் அண்ட் எம் உலகெங்கும் விற்றுவந்தது. அச்சீட்டில் சொல்லப்படும் சூழல் பயனுக்குப் போதிய விளக்கமில்லை என்று நார்வே நாட்டு நுகர்வோர் ஆணையம் 2019இலேயே கண்டித்திருந்தது. சீட்டின் வாசகத்தைப் பற்றியாவது கேட்க ஓர் ஆணையம் இருந்தது. ஆடையைத் தைத்த பெண்ணின் வேலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டது அவருடைய சங்கம் மட்டுமே. அவருக்கு வேலையை மீட்டுத் தந்ததும் சங்கம்தான். மனச்சாட்சியுள்ள நுகர்வோரின் ஆதரவு துணைநின்றதும் அச்சங்கம் குரலெழுப்பியதால்தான்.

2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூருவின் ஆடைத் தொழிலாளப் பெண்கள் சாலைகளை நிறைத்ததையும் நினைவுகூர வேண்டும். வருங்கால வைப்பு நிதியை எடுக்கத் தடைபோட்ட விதியை மோடி அரசு இரண்டே நாளில் திரும்பப் பெற்றது. சட்டையின் மேல் ஒட்டிய எந்தச் சீட்டும் இதைச் சாதித்திருக்காது.

குடுவைக்குள் அடங்காத குப்பை

ஓராண்டுக் குப்பையை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் அடக்கிக் காட்டுவது இப்போது நாகரிகம். மாநகரின் குப்பையோ மண்டூரில் மலையாகக் குவிந்தது. மாவள்ளிபுரா குப்பைக்கிடங்கு 2012இல் மூடப்பட்டபோது நகரமே நாறியது. நிலத்தடி நீரையும் உடல்நலத்தையும் இழந்த மண்டூர் கிராமத்தார் 2014இல் வண்டிகளை மறித்துப் போராடி, ஆண்டு இறுதிக்குள் கிடங்கை மூடவைத்தனர். அதன் பின்னரே வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்ற ஆணை நகரத்தில் உயிர்பெற்றது. கிராமத்தாரின் மறியல் இல்லையேல், நகரத்தாரின் பச்சைக் கூடையும் இல்லை.

பிரித்துக் கொடுத்த குப்பையை அள்ளுவது யார்? பெரும்பாலும் தலித் பெண்களான பௌரகார்மிகர்கள். கையுறையும் குடிநீரும் கழிப்பறையும் கேட்டே அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2018 ஜூலையில், மாதக்கணக்கில் கூலி கிடைக்காத ஓர் ஒப்பந்தத் தொழிலாளி தற்கொலை செய்துகொண்டார். 2022 ஜூலையில் நான்கு நாள் வேலைநிறுத்தம் நடத்தினர். நிரந்தரப்படுத்துவதாக அரசு வாக்களித்தது. 2025 மே நாளன்று பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிரந்தரப் பணி ஆணை பெற்றனர். குப்பை வண்டி ஓட்டுநர்களும் உதவியாளர்களும் ஏற்றுவோரும் அன்றும் ஒப்பந்தத்திலேயே விடப்பட்டனர். நகரத்தின் உண்மையான சூழல் காவலர்கள் இவர்கள். இவர்கள் கையில் எந்தப் பசுமைச் சான்றிதழும் இல்லை.

பழியை இடம் மாற்றும் தந்திரம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1953இல் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பாட்டில்களுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டில் குளிர்பான, பொதியல் நிறுவனங்கள் சேர்ந்து, நாட்டை அழகாக வைத்திருக்க மக்களுக்குப் புத்தி சொல்லும் அமைப்பைத் தொடங்கின. பாட்டிலைச் செய்தவன் தப்பித்தான், வீசியவன் குற்றவாளியானான். ஐம்பதாண்டு கழித்து, தனிமனிதரின் ‘கார்பன் தடம்’ என்ற சொல்லை விளம்பரங்களின் வழியே பரப்பியது பிரிட்டனின் பிபி எண்ணெய் நிறுவனம்.

இந்திய அரசும் அதே பாதையில்தான் செல்கிறது. 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகள், மறுசுழற்சி செய்ய இயலாத பல அடுக்கு உறைகளை இரண்டாண்டில் ஒழிக்க வேண்டும் என்றன. சிப்ஸ் பொட்டலமும் ஷாம்பூ பாக்கெட்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டாண்டு முடியும் 2018இல் விதி திருத்தப்பட்டது: எரித்து ஆற்றல் பெறவோ வேறு வகையில் பயன்படுத்தவோ முடியும் என்றால் தடையில்லை என்றாயிற்று. எரிக்க முடியாத பிளாஸ்டிக் ஏது? பெருநிறுவனங்கள் தப்பித்தன. கர்நாடக அரசு 2016 மார்ச்சில் கொண்டுவந்த பிளாஸ்டிக் தடையும், ஒன்றிய அரசு 2022 ஜூலை 1 முதல் 19 பொருள்களுக்கு விதித்த தடையும் உறிஞ்சுகுழலையும் கரண்டியையும் தேடிச் சென்றன. அபராதம் கட்டியவர் தள்ளுவண்டிக்காரர்.

நாட்கூலி வாங்குபவர் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பாக்கெட்டில் ஷாம்பூ வாங்குவது சூழல் உணர்வு இல்லாததால் அல்ல. பெரிய பாட்டிலுக்கான பணம் ஒரே நாளில் கையில் சேராததால். ‘பசுமை’ என்று பொய்யாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வந்துள்ளன. வரவேற்கத்தக்கதே. ஆனால் அவை சூழல் குறித்த சொல்லுக்குச் சான்று கேட்கும். கூலியைப் பற்றிக் கேட்காது.

செய்ய வேண்டியது

துணிப்பை எடுத்துச் செல்பவர் எதிரி அல்லர். பழைய சேலையைத் தைத்துப் போர்வையாக்குவதும், டப்பாவைக் கொண்டுபோய் எண்ணெய் வாங்கி வருவதும் உழைக்கும் குடும்பங்களில் இன்றும் உள்ள வழக்கமே. அதற்கு எவரும் சான்றிதழ் கேட்டதில்லை. அந்த நடுத்தர வர்க்க மனச்சாட்சி கடையின் கல்லாவோடு முடிந்துவிடாமல், தொழிலாளரின் போராட்டத்தோடு கைகோக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

சலவைத்தூளில் நச்சுக்குச் சட்டவரம்பு, கழிவுநீர் முழுவதற்கும் பொதுத்துறைச் சுத்திகரிப்பு, பல அடுக்கு உறைகளுக்கு விலக்கில்லாத தடை, தூய்மைப் பணியில் ஒப்பந்தமுறை ஒழிப்பு, ஆடைத் தொழிலாளர்க்கு வாழ்வதற்குரிய ஊதியமும் சங்க உரிமையும்: இவையே உண்மையான பசுமைத் திட்டம். மண்ணை உறிஞ்சும் முதலாளித்துவமே தொழிலாளியையும் உறிஞ்சுகிறது. ஆகவே இரண்டையும் காக்கும் போராட்டம் ஒன்றே. அதைக் கடையில் வாங்க முடியாது. களத்தில்தான் வெல்ல முடியும்.