ஜப்பான் கல்ஃப் இல்லை: ஆம்பூர்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் வெளிநாட்டு வேலைன்னா எல்லா வீட்டுக்கும் தெரிஞ்ச கணக்கு ஒண்ணு இருக்கு. துபாயோ சவுதியோ போகணும். சம்பளத்துக்கு வரி இல்லை. தங்குற இடத்தை பெரும்பாலும் கம்பெனி பார்த்துக்கும். மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பணும், சில வருஷத்துல திரும்பணும்.

2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக ஏத்தினப்போ, ஒரே நாட்டு ஆர்டரை நம்பி இருக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு நம்ம பக்கம் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கிறவங்களுக்குப் புரிஞ்சுது. மெர்ச்சண்டைசிங், குவாலிட்டி, அக்கவுண்ட்ஸ் பசங்க பலர் இப்போ ஜப்பான் பக்கம் பார்க்கிறாங்க. சிலருக்கு அங்கே மனசுக்குப் பிடிச்ச ஒருத்தர் இருக்கார்ங்கிறதும் ஒரு காரணம். அதுல தப்பே இல்லை.

என் கருத்தை நேரடியா சொல்லிடுறேன். ஜப்பான் நல்ல முடிவுதான், ஆனா கல்ஃப் கணக்கைப் போட்டுப் போகாதீங்க. உறவுக்காகப் போறவங்க, உங்க சொந்தத் தகுதியில கிடைக்கிற வேலை விசாவோட போங்க. உறவை மட்டும் பிடிச்சுட்டு விமானம் ஏறாதீங்க.

எந்தக் கதவு வழியா போறீங்க?

இங்கிலீஷ் டீச்சர் வேலை வேண்டாம்னா முக்கியமான வழி ரெண்டு.

முதல் வழி, பொறியாளர் மற்றும் மனிதவியல் நிபுணர்களுக்கான வேலை விசா. டிகிரி வேணும், இல்லைன்னா 10 வருஷ அனுபவம் வேணும். படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்கணும். லெதர் டெக்னாலஜி படிச்சவர் குவாலிட்டி, சோர்சிங் வேலைக்கும், பி.காம் படிச்சவர் அக்கவுண்ட்ஸ், டிரேடிங் வேலைக்கும் முயற்சி பண்ணலாம். லைன்ல நின்னு தைக்கிற வேலைக்கு இந்த விசா கிடையாது.

ரெண்டாவது, 2019 ஏப்ரல்ல ஜப்பான் தொடங்கின குறிப்பிட்ட திறன் விசா. இந்தியாவோட 2021 ஜனவரியில ஒப்பந்தம் ஆச்சு. முதியோர் பராமரிப்பு, விவசாயம், ஓட்டல், கட்டுமானம்னு 14 துறைகளோட ஆரம்பிச்சாங்க. அந்த 14-ல தோல் தொழில் இல்லை. இதோட முதல் நிலையில மொத்தம் 5 வருஷம்தான் இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது.

ஹிமேஜி பக்கம் தோல் பதனிடுறாங்க, டோக்கியோ அசாகுசா பகுதியில ஷூ செய்றாங்க. நம்ம அனுபவம் அங்கே புரியாத விஷயம் இல்லை. ஆனா பேச்சு ஜப்பானிய மொழியிலதான் நடக்கும். திறன் விசாவுக்கு என்4 அளவு போதும். ஆபீஸ் வேலைக்கு என்2 இருந்தா கம்பெனி உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும். இந்தத் தேர்வு ஜூலை, டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கும். சென்னையிலயும் மையம் இருக்கு. விமான டிக்கெட்டுக்கு முன்னாடி நீங்க செலவு பண்ண வேண்டியது இதுக்குத்தான்.

உறவு, விசா ரெண்டையும் தனித்தனியா வைங்க

உங்க துணை அங்கே வேலை விசாவில இருக்கிற இந்தியர்னா, கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க டிபெண்டன்ட் விசாவில போகலாம். ஆனா தனி அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 6 வருஷம் மெர்ச்சண்டைசரா இருந்தவங்களுக்கு அது பார்ட் டைம் வேலைதான்.

துணை ஜப்பானியர்னா ஸ்பௌஸ் விசா. எந்த வேலையும் பார்க்கலாம், எப்போ வேணும்னாலும் மாறலாம். வசதியானதுதான். ஆனா விவாகரத்து ஆயிட்டா 14 நாளுக்குள்ள குடிவரவுத் துறைக்குச் சொல்லணும். தகுந்த காரணம் இல்லாம 6 மாசத்துக்கு மேல கணவன் மனைவியா வாழலைன்னா விசாவை ரத்து பண்ணவும் சட்டத்துல இடம் இருக்கு. வேலை, வீடு, விசா மூணும் ஒரே உறவுல தொங்கினா, அந்த உறவுக்குத்தான் பாரம் அதிகம். சண்டை வந்தாகூட மனசுவிட்டுப் பேச முடியாத நிலைமை வரும். உங்களுக்குன்னு ஒரு வேலை விசா இருந்தா, சேர்ந்து இருக்கிறது ரெண்டு பேரும் விரும்பி எடுத்த முடிவா இருக்கும்.

கல்யாணத்தை இங்கேயே சிறப்புத் திருமணச் சட்டத்துல பதிவு பண்றதா இருந்தா 30 நாள் நோட்டீஸ் உண்டு. லீவை அதுக்கேத்த மாதிரி போடுங்க.

2,50,000 யென் சம்பளம் கையில எவ்வளவு?

ஒரு உதாரணம் போடுவோம். மாசச் சம்பளம் 2,50,000 யென். பென்ஷனுக்கு உங்க பங்கு 9.15 சதவீதம், அது சுமார் 23,800. மருத்துவக் காப்பீடு சுமார் 13,000. வேலை காப்பீடும் வருமான வரியும் சேர்த்து ஒரு 6,500. கைக்கு வர்றது 2,06,000 பக்கம்.

ரெண்டாவது வருஷம் ஜூன்ல இருந்து, முந்தைய வருஷ வருமானத்துக்கான உள்ளாட்சி வரி ஆரம்பிக்கும். இந்தச் சம்பளத்துக்கு மாசம் 9,000, 10,000 யென் ஆகும். சம்பளம் ஏறாம கைக்காசு மட்டும் குறையும். முதல் வருஷக் கணக்கை வெச்சு ஊர்ல இஎம்ஐ எடுத்தவங்க மாட்டுறது இங்கேதான்.

வாடகை 65,000, சாப்பாடு 40,000, கரண்ட், போன், மத்தது 30,000னு வெச்சா மாசம் 60,000, 70,000 யென் மிஞ்சும். ஒரு யென் 58 பைசான்னு எடுத்தா 35,000ல இருந்து 40,000 ரூபாய். ஆம்பூர்ல அம்மா சமையல் சாப்பிட்டு, வாடகை இல்லாம மாசம் 18,000 சேர்க்கிறவருக்கு இது ரெண்டு மடங்குதான். பத்து மடங்கு இல்லை. வீடு எடுக்கும்போது அட்வான்ஸ், உரிமையாளருக்குத் திரும்பி வராத அன்பளிப்புப் பணம், உத்தரவாத கம்பெனி கட்டணம்னு 4, 5 மாச வாடகை முன்கூட்டியே போகலாம்.

யென் மதிப்பையும் பாருங்க. 2012 தொடக்கத்துல ஒரு டாலருக்கு 80 யென்னுக்கும் குறைவு. 2024-ல 160 யென். கடனை ரூபாயில வாங்கி யென்ல அடைக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பென்ஷன் பணத்துல அவசரம் வேண்டாம்

ஜப்பானை விட்டு வந்த பிறகு 2 வருஷத்துக்குள்ள விண்ணப்பிச்சா பென்ஷன் பணத்துல ஒரு பகுதி மொத்தமா கிடைக்கும். நம்ம உதாரணத்துல 3 வருஷத்துக்கு சுமார் 8,58,000 யென். அதுல 20.42 சதவீதம் வரி பிடிச்சுட்டு சுமார் 6,83,000 அனுப்புவாங்க. பிடிச்ச வரியை, அங்கே ஒரு வரிப் பிரதிநிதியை நியமிச்சுத் திரும்பக் கேட்கலாம். கிளம்புறதுக்கு முன்னாடியே அவரை நியமிச்சுட்டு வாங்க.

ஆனா பணத்தை எடுத்துட்டா அந்த வருஷங்கள் உங்க பென்ஷன் கணக்குல இருந்து அழிஞ்சுடும். 2016 அக்டோபர் 1 முதல் இந்தியா ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் அமல்ல இருக்கு. துணை அங்கேயே இருக்காங்க, திரும்பப் போக வாய்ப்பிருக்குன்னா அந்தப் பணத்தைத் தொடாதீங்க.

இங்கே முடிக்க வேண்டியது

வேலைக்காகக் கிளம்புறவங்க செப்டம்பர் 28-க்குள்ள கிளம்பி, அந்த நிதியாண்டு முடியுற வரை திரும்பி வராம இருந்தா, இந்தியாவில இருந்த நாள் 182-ஐத் தொடாது. அப்போ அந்த வருஷ ஜப்பான் சம்பளத்துக்கு இங்கே வரி வராது. நவம்பர்ல கிளம்பினா அதையும் இங்கே ரிட்டர்ன்ல காட்ட வேண்டி வரலாம். அங்கே கட்டின வரிக்குக் கழிவு உண்டு, ஆனா வேலை ரெட்டிப்பு. சேவிங்ஸ் அக்கவுண்டை என்ஆர்ஓ-வா மாத்துங்க. பிபிஎஃப் இருந்தா முதிர்வு வரை தொடரலாம், புதுசா திறக்க முடியாது. அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துட்டுக் கிளம்புங்க. கம்பெனி குரூப் பாலிசி, நீங்க வேலையை விட்டதும் அவங்களையும் விட்டுடும்.

ஏஜென்ட் 3 லட்சம், 5 லட்சம்னு கேட்டா எழுந்து வந்துடுங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இமைக்ரேட் தளத்துல அவர் பேர் இருக்கான்னு பாருங்க. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-ல இருந்து இதே வேலையைச் செய்யுது, முதல்ல அங்கே விசாரிங்க.

எப்போ கிளம்பலாம்?

என்3-யாவது பாஸ் ஆகணும். சம்பளமும் வேலைப் பெயரும் எழுதின ஆஃபர் கையில இருக்கணும். 6 மாசச் செலவு, எந்தக் கடனும் இல்லாம, உங்க பேர்ல இருக்கணும். துணையோட உட்கார்ந்து, யாருக்கு முதல்ல வேலை போனா என்ன செய்றது, எந்த ஊர்ல கடைசியா செட்டில் ஆகுறதுன்னு பேசியிருக்கணும். இது நாலும் இருந்தா தாராளமா கிளம்புங்க. ஒண்ணு குறைஞ்சாலும் இன்னொரு டிசம்பர் தேர்வு வரைக்கும் ஆம்பூர்லயே இருங்க. உண்மையான உறவுன்னா ஒரு வருஷம் காத்திருக்கும். கந்துவட்டிக்கு வாங்கின 4 லட்சம் காத்திருக்காது.

சம்பளக் கணக்குல சந்தேகம் இருந்தா உங்க ஆஃபர் லெட்டர்ல இருக்கிற யென் தொகையை மட்டும் எழுதுங்க, அடுத்த வீடியோவில போட்டுக் காட்டுறேன்.