கல்லாவுக்குப் பூட்டு உண்டு, கணக்குக்கு?

வணிக அன்பர்களிடம் ஒரு கேள்வி. இன்று இரவு கடையிலுள்ள கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டால், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று நாளைக் காலை உங்களால் சொல்ல முடியுமா?

பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நமது உறுப்பினர் ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலையில் இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டியதாயிற்று. கடையைத் திறந்து சர்வரைப் போட்டால் டேலி திறக்கவில்லை. கோப்புகளின் பெயர்களெல்லாம் மாறியிருந்தன. பிட்காயினாகப் பணம் அனுப்பினால் திறந்து தருவோம் என்று ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் கடிதம் மட்டும் திரையில் இருந்தது. அவர் பேக்கப் எடுக்காதவர் அல்ல. தினமும் இரவு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்துத்தான் வந்தார். ஆனால் அந்த டிஸ்க் வருடம் முழுவதும் சர்வரிலேயே செருகியபடி இருந்தது. வந்தவன் அதையும் சேர்த்தே பூட்டிவிட்டான்.

பணம் கட்ட அவர் மறுத்தார். கட்டினாலும் திறந்து தருவான் என்பதற்கு ஜாமீன் யார்? ஆனால் நிலுவைக் கணக்கு போயிற்று. சுற்று வட்டாரச் சில்லறைக் கடைகளுக்குக் கடனில் சரக்கு போடுகிறவர், அந்தக் கடைகளுக்கே போய், “எனக்கு நீங்கள் எவ்வளவு பாக்கி என்று உங்கள் பில்லைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டிய நிலை. பெரும்பாலோர் நேர்மையாகச் சொன்னார்கள். குறைத்துச் சொன்னவர்கள் யார் என்பது அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. இருபது வருடம் பழகியவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் பணத்தைவிட அவருக்குப் பெரிய வருத்தம்.

திருடன் வந்த வழியும் சாதாரணமானதுதான். வீட்டிலிருந்தே கடைக் கணக்கைப் பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப் வசதியைத் திறந்து வைத்திருந்தார். பாஸ்வேர்டு, கடையின் பெயரோடு 123. இதைப் படிக்கும்போது உங்களில் சிலர் லேசாக நெளிவீர்கள் என்று நமக்குத் தெரியும்.

திருடன் வராவிட்டாலும் தண்ணீர் வருகிறது. 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அத்தகைய வெள்ளத்தில் சர்வரும் மேஜை டிராயரிலுள்ள ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தேதான் நனையும். ஆகவே ஒரு நகல் ஊருக்கு வெளியே இருந்தாக வேண்டும். ஆன்லைன் பேக்கப் என்பது அவ்வளவுதான். தினமும் நமது கணக்கின் நகலை இன்டர்நெட் வழியாக வேறோர் ஊரிலுள்ள கிடங்கில் வாடகைக்குப் போட்டு வைப்பது.

“எங்களிடம் கூகுள் டிரைவ் இருக்கிறதே” என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. 15 ஜிபி இலவசம் என்பதும் உண்மைதான். ஆனால் அத்தகைய டிரைவ்கள் அடிப்படையில் கண்ணாடி போன்றவை. கடையில் கோப்பு கெட்டால் அங்கேயும் கெடும். பையன் தவறி அழித்தால் அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளைச் சில நாட்கள் வைத்திருக்கிறார்கள், சாதாரணமாக முப்பது நாட்கள். ஜனவரியில் செய்த தவறு மார்ச் மாதம் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் கண்ணில் படுகிறது. முப்பது நாள் அதற்குப் போதுமா? தேதிவாரியாகப் பல மாத நகல்களைத் தனித்தனியே காப்பதைத்தான் பேக்கப் என்று ஒப்புக்கொள்ளலாம்.

விலைக்கு வருவோம். விற்பனையாளர் ஒரு டிபி, இரண்டு டிபி என்றுதான் பேச்சைத் தொடங்குவார். முதலில் உங்கள் டேலி ஃபோல்டரின் அளவைப் பாருங்கள். மளிகைக் கடைக் கணக்கு பெரும்பாலும் சில ஜிபிக்குள் அடங்கிவிடும். மீதி இடத்தை அடைப்பது கல்யாண வீடியோவும் சினிமாவும்தான். அவற்றுக்கெல்லாம் மாத வாடகை கட்ட வேண்டியதில்லை. அளவுக்கேற்ப விலை வாங்கும் சேவையே நமக்குக் கட்டுப்படியாகும்.

‘அளவில்லாத இடம், ஒரே விலை’ என்ற விளம்பரத்தைக் கண்டால் நிபந்தனையைப் படியுங்கள். அவற்றில் சில வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே. விண்டோஸ் சர்வரில் ஏற்றவே விடாது. இன்னொரு வகை, மிக மலிவான ‘ஆர்க்கைவ்’ கிடங்கு. உள்ளே போட காசு மிகக் குறைவு. வெளியே எடுக்கப் பல மணி நேரம் ஆகும், தனிக் கட்டணமும் உண்டு. குளிர்பதனக் கிடங்கில் மிளகாய் மூட்டை போட்ட அனுபவமுள்ளவர்களுக்கு இது புரியும்; வாடகையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

நகல் அனுப்பும் வேகத்தையும் கணக்கிடுங்கள். அப்லோடு 10 எம்பிபிஎஸ் இருந்தால் ஒரு ஜிபி போக ஏறத்தாழ கால் மணி நேரம். 100 ஜிபி போக ஒரு நாள். முதல் தடவைக்குப் பின் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் சேவை என்றால் கவலையில்லை. எல்லோரும் டேலியை மூடிய பிறகு இரவில் ஓட விடுவதே நல்லது. பில் போட்டுக் கொண்டிருக்கும்போது எடுத்த நகல் சில சமயம் திறக்காது.

சட்டமும் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் ஏடுகளைக் காக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள், 2022இல் வந்த விதித் திருத்தத்தின்படி, கணக்கின் நகலை இந்தியாவிலுள்ள சர்வரில் தினந்தோறும் வைத்தாக வேண்டும். ஆகவே கிடங்கு எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டாலரில் பில் போடும் வெளிநாட்டுச் சேவை மலிவாகத் தெரிந்தாலும், ரிவர்ஸ் சார்ஜ் வரியை நாம்தான் கட்ட வேண்டிவரும். ஆடிட்டரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நகலைப் பூட்டும் பாஸ்வேர்டை நீங்களே வைத்துக்கொள்ளும் முறை பாதுகாப்பானது. ஆனால் அது தொலைந்தால் சேவைக்காரராலும் திறக்க முடியாது. தாளில் எழுதி உறையிலிட்டு, நகைப் பெட்டியோடு வையுங்கள். சர்வர் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டாம்.

நமது சங்கம் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு என்பது நமது கருத்து. எடைத் தராசு முத்திரைக்கு எல்லோரும் சேர்ந்து ஆளை வரவழைப்பது போல, ஐம்பது கடைகள் சேர்ந்து விலைப்புள்ளி கேட்டால் தனித்தனியே கேட்பதைவிடக் குறைத்துத் தருவார்கள். நகலை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, ஒரு கடையின் நிலுவைப் பட்டியலை நம் கண் முன்னே எடுத்துக் காட்டுபவருக்குத்தான் ஆர்டர் என்று நிபந்தனை வைக்கலாம். செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பருப்பு வியாபாரி அன்பர் இப்போது ஆன்லைன் பேக்கப் வைத்திருக்கிறார். ஹார்டு டிஸ்க்கும் வைத்திருக்கிறார். தினமும் இரவு அதைக் கழற்றிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அதோடு, மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலைத் தாளில் பிரிண்ட் எடுத்து வைக்கவும் தொடங்கியிருக்கிறார். கணக்குப்பிள்ளை சிரிக்கிறாராம்.