மவுசை அவர் கையில் கொடுங்கள்

"எனக்கு கம்ப்யூட்டர்னா பயம் தோழர், நீங்களே அடிச்சுக் குடுத்துடுங்க." இயக்கங்களில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. நாமும் உடனே அடித்துக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த தோழி ஒருவர் தூய்மைப் பணியாளர் சங்கத்தில் இருக்கிறார். மைக் பிடித்தால் குறிப்பே இல்லாமல் அரை மணி நேரம் பேசுவார். காவல் நிலையத்தில் சட்டப்பிரிவு சொல்லி வாதாடுவார். மடிக்கணினியைக் கண்டால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அவர் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் அறை பெரும்பாலும் பூட்டியே இருந்தது. திறக்கிற அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சுவரோரம் நின்று, ஆசிரியர் இயக்குவதைப் பார்க்கலாம். தொடக்கூடாது. (கருவறையிலும் இதே ஏற்பாடுதானே!) 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அவர் பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விட்டிருந்தார். "உடைஞ்சு போனா யாரு காசு குடுக்கறது?" என்று இன்றும் கேட்கிறார். இதற்குக் கூச்சம் என்று பெயர் வைக்க வேண்டாம். இரண்டு மூன்று மாதச் சம்பளம் போய்விடும் என்கிற சரியான கணக்கு அது.

'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அம்பேத்கர் தன் பள்ளிக்கூடக் குழாயைப் பற்றி எழுதியிருக்கிறார். தாகம் எடுத்தாலும் அவர் அதைத் தொட முடியாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நேரத்தில் தண்ணீர் கிடையாது. அந்தக் கொடுமையை நம்முடைய அவசரத்தோடு சமப்படுத்த முடியாதுதான். ஆனாலும் "தள்ளுங்க, நான் பண்ணித் தரேன்" என்று மவுசைப் பிடுங்குகிறவர், குழாய் திறந்துவிடுகிற இடத்தில்தான் நிற்கிறார். அவர் வராத நாளில் மனு இல்லை.

நம் அமைப்புகளையே பாருங்கள். சுவரொட்டி ஒட்டுகிறவர் ஒருவர், தீர்மானம் அடிக்கிறவர் வேறொருவர். யார் எந்த ஊரிலிருந்து, எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று எண்ணிப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். சேரியிலிருந்து வந்தவர் "அடிச்சாங்க" என்று சொல்கிறார், தட்டச்சு செய்கிறவர் கையில் அது "இரு தரப்பினரிடையே தகராறு ஏற்பட்டது" ஆகிவிடுகிறது.

அந்தத் தோழிக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தது கண்ட்ரோல் இசட் ஒன்றுதான். எழுது, அழி, திரும்ப வரவழை. அரை மணி நேரம் இதே விளையாட்டு. அழிந்தது திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தோள் இறங்கியது. அடுத்து தமிழ் 99. ஆங்கில எழுத்தில் யோசித்துத் தமிழை வரவழைக்கச் சொல்வது, படிக்க வந்தவருக்கு வாசலிலேயே இன்னொரு பூட்டுப் போடுவதுதான். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற இந்த விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்வரிசை வலக்கைப் பக்கம். ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானே விழும். இப்போதைய விண்டோஸிலேயே இது இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது அதுதான்.

மூன்றாவது வாரம், சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு. ஆட்சியர் அலுவலக வாசலில் எழுதி வாங்கினால் "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்றுதான் வரும். இரண்டு விரலால், ஒன்றரை மணி நேரம் எடுத்து அவர் அடித்ததில் கருணையும் இல்லை, தாழ்மையும் இல்லை. "பாதை எங்கள் உரிமை" என்று முதல் வரியிலேயே இருந்தது.

உங்கள் அமைப்பில் ஒரு பழைய மடிக்கணினியாவது இருக்கும். அதைச் செயலாளர் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியட்டும். பழுதானால் செலவு அமைப்புடையது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.