சுபம் என்று போடலாமா?

வெள்ளிமலையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்வராயன் மலையில் கரண்ட் போகாமல் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டி.வி.யில் 'அந்த 7 நாட்கள்' போட்டார்களாம். கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகளும் லீவுக்கு வந்திருக்கிறாள். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே பார்த்த பெண், படம் முடிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஏம்மா, இவ்வளவு சிரிக்க வச்சுட்டு கடைசியில சேர்த்து வைக்காம விட்டுட்டாங்களே, இதெல்லாம் ஒரு முடிவா?" என்று கேட்டாளாம். "எனக்குப் பதில் சொல்லத் தெரியலைங்க அக்கா, நீங்களே சொல்லுங்க" என்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், மகளை மாமன் மகனுக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

1981 தீபாவளி சமயத்தில் வந்த படம் அது. கே. பாக்யராஜ் எழுதி, இயக்கி, தானே நடித்தது. பாலக்காட்டு மாதவனை மறக்க முடியுமா? பாதி மலையாளம், பாதி தமிழ். கையில் ஒரு ஹார்மோனியம், கூடவே கோபி என்ற வாண்டுப் பையன், சினிமாவுக்கு இசையமைக்க வேண்டும் என்ற ஆசை. பையில் காசு மட்டும் கிடையாது. ஒரு பெண் எதிரே வந்து நின்றால் எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாத பிள்ளை! குடியிருக்க வந்த வீட்டுப் பெண் வசந்தியாக அம்பிகா. காதலை முதலில் உணர்கிறவளும் அவள்தான், அதை அந்த அசடுக்குப் புரிய வைக்கப் பாடுபடுகிறவளும் அவள்தான். நம் சிரிப்பெல்லாம் அங்கே.

பிறகுதான் கதை திரும்புகிறது. வீட்டார் விஷயம் தெரிந்து, வசந்தியை வற்புறுத்தி, மனைவியை இழந்த டாக்டர் ஆனந்துக்கு அவசரமாகக் கட்டி வைத்துவிடுகிறார்கள். டாக்டராக வந்தவர் 2025-இல் மறைந்த ராஜேஷ். முதலிரவிலேயே உயிரை விடத் துணிந்தவளைக் காப்பாற்றி, அவள் கதையைக் கேட்டுக்கொண்டு அவர் சொல்வது என்ன? "என் அம்மா இன்னும் சில நாள்தான் இருப்பார். அதுவரை இந்த வீட்டு மருமகளாக இரு. பிறகு உன் மாதவனிடமே உன்னைச் சேர்த்து வைக்கிறேன்" என்கிறார். அந்தச் சில நாட்கள்தான் தலைப்பில் இருக்கும் ஏழு நாட்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மாதவனைத் தேடிப் பிடிக்கும் டாக்டர், படம் எடுக்கிறவர் மாதிரி பேசி, தங்கள் கதையையே ஒரு சினிமாக் கதையாகச் சொல்கிறார். முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று இருவருக்கும் வாக்குவாதம். கணவன் காதலர்களைச் சேர்த்து வைக்கச் சொல்கிறான். காதலனோ அது சரியில்லை என்கிறான்! வெள்ளிமலைப் பெண் கேட்ட கேள்வியைப் படமே தன்னைக் கேட்டுக்கொள்கிறது. கடைசியில் விஷயம் தெரிந்த மாதவன், தாலியைக் கழற்றினால் அழைத்துப் போகிறேன் என்கிறான். வசந்தியால் அது முடியவில்லை. அவன் ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு, கோபியோடு போய்விடுகிறான்.

சிரிப்புப் படம் என்றால் கடைசியில் மாலை மாற்றி 'சுபம்' போட வேண்டும் என்பது நமக்கெல்லாம் பழகிப் போனது. 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' மாதிரி எல்லா ஜோடியும் சேர்ந்துவிட வேண்டும். ஆனால் ஜப்பானில் ஒரு தோரா சான் இருந்தார், தெரியுமா? ஊர் ஊராகப் போய்ச் சாமான் விற்கும் அசட்டு மனிதர். 1969-இல் தொடங்கி 1995 வரை, கியோஷி அட்சுமி என்ற ஒரே நடிகரை வைத்து 48 படங்கள்! அநேகமாக எல்லாவற்றையும் இயக்கியவர் யோஜி யமாதா. படத்துக்குப் படம் தோரா சானுக்கு யாராவது ஒருத்தி மேல் காதல் வரும், அசடு வழிவார், ஜனம் சிரிக்கும், கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். ஜப்பான்காரர்கள் அதைத்தான் வருஷா வருஷம் போய்ப் பார்த்தார்கள். மாதவனும் அவருக்கு ஒரு தம்பி மாதிரிதான். நாம் ஒருவனைப் பார்த்து மனசாரச் சிரித்திருந்தால்தான், அவன் வெறுங்கையோடு போகும்போது நெஞ்சை அடைக்கும்.

ஆனால் அந்த முடிவை எல்லோரும் போல, "தாலியின் மகிமை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. வசந்தியின் கல்யாணத்தை முதலில் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கடைசியில் கணவனும் காதலனும் எதிரெதிரே நின்று பேசுகிறார்கள். ரெண்டு பேருமே தங்கமான மனிதர்கள், சந்தேகமில்லை. ஆனால் "உனக்கு என்னம்மா வேணும்?" என்று நடுவில் நிற்கிறவளை நிதானமாகக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. தாலியைக் கழற்ற முடியவில்லை என்பது ஒரு பதில்தான். அது பயத்திலா, பழக்கத்திலா, இந்தச் சில நாளில் அந்த வீட்டின் மேல் வந்த ஒட்டுதலிலா? அவளுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

1986-இல் வந்த மணிரத்னத்தின் 'மௌன ராக'த்திலும் விருப்பமில்லாத கல்யாணம்தான். அங்கேயும் பெண் புருஷனிடமே தங்கிவிடுகிறாள். ஆனால் ரேவதி ரயில்வே ஸ்டேஷனில் தன் மனசைத் தன் வாயால் சொல்கிறாள் பாருங்கள், அதுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில், பலவந்தத்தால் சம்மதம் வாங்கி நடத்திய கல்யாணத்தை ரத்து செய்யக் கோர்ட்டில் கேட்க இடம் இருக்கிறது. பலவந்தம் நீங்கிய ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு மனமொப்பி ஒன்றாகக் குடித்தனம் நடத்தியிருக்கவும் கூடாது. ஆக, 1981-லேயே வசந்திக்குச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. படத்தில் யாரும் வக்கீலைத் தேடிப் போகவில்லை. போயிருந்தால் நமக்கு அந்தக் கதை கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம்!

வெள்ளிமலைச் சகோதரிக்கு வருகிறேன். உங்கள் மகள் சினிமாவைப் பற்றித்தான் கேட்டாள் என்று நினைக்கிறீர்களா? மாமன் மகன் நல்ல பையனாகவே இருக்கலாம், டாக்டர் ஆனந்த் மாதிரி. அவளுக்கும் அவனைப் பிடித்தே இருக்கலாம். அல்லது படித்து முடிக்கட்டும் என்ற நினைப்பு மட்டுமே இருக்கலாம். கேட்காமல் எப்படித் தெரியும்? அவள் அப்பாவையும் மாமனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். "சரிங்க" என்றுதான் சொல்வாள். அடுத்த லீவு முடிந்து கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் நீங்களே கொண்டுபோய் விடுங்கள். மலை இறங்குகிற வரைக்கும் தாராளமாக நேரம் இருக்கும். "அந்த வசந்தி இடத்துல நீ இருந்தா என்னடி பண்ணியிருப்பே?" என்று ஆரம்பியுங்கள். அவள் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். பஸ் கள்ளக்குறிச்சி வந்து சேர்வதற்குள் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.