ஒரு கோப்பை பேரியமும் நான்கு நாட்சம்பளமும்

மலையகம் என்றாலே நம் பேச்சில் சம்பளம்தான் முன்னுக்கு வருகிறது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அதை 1,750 ஆக்குவதாக அறிவித்தது. அதில் 200 ரூபா, வேலைக்கு வந்த நாளுக்கு அரசு தரும் ஊக்குவிப்பு. நோயால் வேலைக்கு வர முடியாத நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மடுல்சீமைப் பக்கம் கொழுந்து பறிக்கும் என் பெரியம்மாவுக்குச் சோறு நெஞ்சில் அடைக்கத் தொடங்கியது. முப்பது வருடமாக வெற்றிலையும் புகையிலையும் போட்டவர். பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள்.

பேரியம் நஞ்சாயிற்றே என்று நான் பயந்தேன். பயத்தில் பாதி நியாயம் உண்டு. பேரியம் காபனேற்று எலியைக் கொல்லும் நஞ்சு. வயிற்று அமிலத்தில் கரைந்து தசைகளையும் இதயத்தையும் தாக்கும். பேரியம் சல்பேற்று அப்படிக் கரைவதில்லை. சுண்ணாம்புத் தண்ணீர் போலிருக்கும் அந்தக் கலவை, உடலில் சேராமல் மலத்தோடு வெளியேறிவிடும். எக்ஸ்ரே கதிர்களை அது மறிப்பதால், உணவுக்குழாய் எங்கே ஒடுங்கியிருக்கிறது என்பது படத்தில் தெரியும். 1910இலிருந்து மருத்துவத்தில் இருக்கும் முறை இது.

வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று எழுதிய துண்டு சிங்களத்தில் இருந்தது. பெரியம்மா விடியற்காலை பஸ்ஸுக்கு முன் சாயத் தண்ணி குடித்துவிட்டார். திருப்பி அனுப்பினார்கள். துணைக்குப் போன மகளோடு இரண்டு பேர், இரண்டு பயணம், நான்கு நாட்சம்பளம் போனது. இரண்டாம் முறை எடுத்த படத்தில் ஒடுக்கம் தெரிந்தது. உள்ளே கமராக் குழாய் விட்டுச் சதைத்துண்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் உறுதியானது. சிகிச்சை நடக்கிறது.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அந்தத் துண்டுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. தோட்ட மருந்தகங்கள் பல இன்றுவரை அரச சுகாதார சேவைக்குள் முழுமையாக வரவில்லை.

சம்பளப் பேச்சுவார்த்தையில் இரண்டு கோரிக்கைகள் சேர வேண்டும்: பரிசோதனைக்குப் போகும் நாளுக்கும் சம்பளம், நோயாளிக்குத் தமிழில் அறிவுறுத்தல். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும். விழுங்கக் கஷ்டம் தொடர்ந்தால் தாமதிக்கக் கூடாது.

1977இலும் 1983இலும் அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்து, பிறகு போரையும் சுமந்த மலையகத்தவர்களின் உறவுகள்தான் இன்றும் அந்த லயங்களில் இருக்கிறார்கள். அவர்களின் நோயும் நமது செய்திதான்.