ஆறுமணிக் குருவியும் எண்ணெய்க் கோச்சியும்



நமது கலேவெலையில் புகையிரதப் பாதை இல்லை. கோச்சி பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால் தம்புள்ளைக்குப் போய், அங்கிருந்து கெக்கிராவை பஸ் பிடிக்க வேண்டும். மாகோவிலிருந்து கிழக்கே போகும் பாதை அவுகண, கலாவெவ, கெக்கிராவை, பலுகஸ்வெவ, ஹபரணை வழியாகச் சென்று கல்ஓயாச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று திருகோணமலைக்கு, மற்றது மட்டக்களப்புக்கு. சென்ற மார்கழி விடுமுறையில், மழை சற்று ஓய்ந்த ஒரு நாள், கலாவெவ பக்கம் ஒரு பெண்கள் சிறுசேமிப்புக் குழுவின் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. அக்காவின் இரண்டு பிள்ளைகளும் என்னுடன் ஒட்டிக்கொண்டார்கள்.

கூட்டத்துக்கு நேரமிருந்ததால் முதலில் குளக்கட்டுக்கு அழைத்துப் போனேன். தாதுசேன மன்னன் 5ஆம் நூற்றாண்டில் கட்டிய குளம் கரை முட்ட நிறைந்திருந்தது. மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நீலவால் பஞ்சுருட்டான்கள் தும்பிகளைப் பிடித்துக் கம்பியில் அடித்துத் தின்றன. இவையெல்லாம் வடக்கே குளிர் தொடங்கும்போது நம் நாட்டுக்கு வந்து, பங்குனி சித்திரையில் திரும்பிப் போகிறவை. பற்றைக்குள்ளிருந்து ஆறுமணிக் குருவியின் இரட்டை விசில் கேட்டது. காலை ஆறு, மாலை ஆறு மணியை ஒட்டிக் கூவுவதால் அந்தப் பெயர். சிங்களச் சகோதரிகள் அவிச்சியா என்பார்கள். பச்சை, நீலம், சிவப்பு என்று உடம்பெல்லாம் நிறம். இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதிக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு இத்தனை தூரம் வருகிறது. குரல் கேட்ட பக்கம் பிள்ளைகள் ஓட, அது நிலத்தில் தத்தித் தத்தி மறைந்துவிட்டது. ஓடினால் எந்தப் பறவையும் நிற்காது என்பதை அன்று அவர்களே கண்டுகொண்டார்கள்.

கூட்டம் முடிய மாலையாகிவிட்டது. குழுவின் மூத்த உறுப்பினரான ஓர் அக்காவின் வீடு பாதையிலிருந்து கூப்பிடு தூரம். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் கேட்டது. கிழக்கே போகும் எண்ணெய் வண்டி! "பவுசர் கோச்சி" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடித் தாங்கிகளை எண்ணினார்கள். ஒருவர் சொன்ன எண்ணிக்கையை மற்றவர் ஏற்கவில்லை. வண்டி போனதும் தண்டவாளத்தருகே போகக் கிளம்பியவர்களை அந்த அக்கா தடுத்தார்.

"வேணாம் மகன். ஆறு மணிக் குருவி கத்திட்டுது. இனி யானை இறங்குற நேரம்."

எந்த இடத்தில் இறங்கும் என்றேன். மதகுக்கு இந்தப் பக்கம் உள்ள மேட்டைக் கையால் காட்டினார். கோடையில் குளம் வற்றும்போது யானைகள் குளத்துப் புல்லிலேயே நிற்குமாம். மழைக்குக் குளம் நிறைந்துவிட்டால் புல்தரை தண்ணீருக்குள் போய்விடும். கூட்டம் கூட்டமாகப் பிரிந்து காட்டுக்கும் சேனைக்கும் அலையும். அப்போதுதான் பாதையை அடிக்கடி கடக்குமாம். குட்டி போட்ட யானைகள் நள்ளிரவுக்குப் பிறகு கடக்கும், ஒற்றைக் கொம்பன் எந்த நேரத்திலும் வருவான் என்று, பக்கத்து வீட்டாரைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். சேனையில் காவல் இருந்த அவருடைய கணவர் சில வருடங்களுக்கு முன் யானை அடித்து இறந்தவர். அப்படியிருந்தும், கோச்சியில் மோதிக் கிடந்த குட்டியைப் பார்த்த நாளில் சோறு இறங்கவில்லை என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

2018 செப்டெம்பரில் ஹபரணைக்கு அருகே எண்ணெய் வண்டி மோதி, கர்ப்பமாயிருந்த ஒரு யானையும் இரண்டு குட்டிகளும் இறந்தன. 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பக்கம் மட்டக்களப்புக்குப் போன எண்ணெய் வண்டி மோதி இரண்டு யானைகள் இறந்தன, தாங்கிகள் தடம் புரண்டன. நான்கு மாதம் கழித்து, 2025 பெப்ரவரி 20ஆம் திகதி, கல்ஓயாப் பக்கத்தில் பயணிகள் வண்டி ஒரு கூட்டத்தில் மோதியதில் ஆறு யானைகள் ஒரேயடியாகப் போயின. எல்லாம் இருட்டில் நடந்தவை. மனிதர் பக்கத்துக் கணக்கும் சிறியதல்ல. 2023இல் மட்டும் நாட்டில் 180 பேருக்கு மேல் யானைகளால் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் இறந்த யானைகள் 480க்கு மேல். துப்பாக்கி, மின்சாரம், வெடி என்று அவற்றில் பல மனிதர் கையால் வந்த சாவு.

சாரதியைக் குற்றம் சொல்வது சுலபம். எண்ணெய் நிறைந்த தாங்கிகளை இழுக்கும் வண்டியை, விளக்கு வெளிச்சத்தில் யானை தெரிந்தபிறகு நிறுத்துவது இயலாத காரியம். வளைவென்றால் தெரிவதே கடைசி நேரத்தில்தான். யானைக்கும் வழியில்லை. இரண்டு பக்கமும் மண்மேடு உயர்ந்த இடத்தில் அகப்பட்டால் அது பாதை நெடுகத்தான் ஓடும். குட்டி நடுவில் இருந்தால் பெரியவை விட்டுப் போகமாட்டா, சுற்றி நின்றுவிடும். ஆறும் ஏழுமாகச் சாவது இதனால்தான்.

அப்படியானால் வண்டிக்கு முன்கூட்டியே தகவல் போக வேண்டும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூருக்கு அருகே மதுக்கரையிலும் இதே துயரம் இருந்தது. 2021 நவம்பரில் அந்தப் பகுதியில் மூன்று யானைகள் ஒரே இரவில் அடிபட்டன. 2024 பெப்ரவரியில் அங்கே 12 கோபுரங்களை நட்டு, இருட்டிலும் உடல்சூட்டைக் காட்டும் கமெராக்களைப் பொருத்தினார்கள். யானை பாதையை நெருங்கினால் கணினி கண்டுபிடித்து வனத்துறைக்கும் புகையிரதத்துறைக்கும் அறிவிக்கிறது. நமக்கு அந்த வசதி வரும்வரை, நேரத்தையும் வேகத்தையும் மாற்றுவதுதான் கையிலிருக்கும் வழி. 2025 விபத்துக்குப் பிறகு இரவு வண்டிகளின் நேரங்களில் மாற்றம் செய்தார்கள். ஆனால் எந்த மேட்டில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு வேகத்தைக் குறைப்பது? அதை அந்த அக்காவைப் போன்றவர்கள் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா?" என்று கேட்டேன். ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னாராம். எழுத்தில் கொண்டுவா என்றார்களாம். "எழுத்தெண்டா எனக்கு கையெழுத்து மட்டுந்தானே தங்கச்சி." பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் சமூகவியல் படித்தவள் நான். அந்த வாசலில் அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்திருப்பேன். அப்போது யாரும் நிற்கவில்லை.

அன்றிரவே குழுவின் பழைய சேமிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டோம். திகதி, நேரம், இடம், எத்தனை யானை, குட்டி உண்டா, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம். யாரும் இதற்காக இருட்டில் வெளியே போகக்கூடாது, வீட்டு முற்றத்திலிருந்து கண்டது, காலையில் பார்த்த தடம், இலத்தி, இவை போதும் என்று முடிவானது. சொல்வது அக்காமார், எழுதுவது பாடசாலை போகும் பிள்ளைகள். எண்ணெய் வண்டி போகும் நேரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டுமென்று என் மருமகன் அடம்பிடித்தான். அதையும் போட்டோம்.

உங்கள் பிள்ளைகளைப் பறவையும் கோச்சியும் பார்க்கக் கூட்டிப்போகிற சகோதரிகளே, நிலைய மேடையில் நின்று காட்டுங்கள்; தண்டவாளம் வழியே நடத்திப் போகாதீர்கள். குளக்கட்டுக்குக் காலையில் போங்கள். மாலை ஐந்து மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். யானையைக் கண்டால் படம் எடுக்க இறங்க வேண்டாம். நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு நிலைய அதிபரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

சென்ற மாதம் திரும்பப் போனபோது கொப்பியில் ஒன்பது பக்கம் நிரம்பியிருந்தது. நாங்கள் பிரதியெடுத்து, அக்காவின் கையெழுத்தோடு, அவரையே அழைத்துக்கொண்டு போய் மூன்று அலுவலகங்களில் கொடுத்தோம். ஓரிடத்தில் உட்காரச் சொன்னார்கள். பதில் வந்ததும் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.